திறந்தவகை ஹெட்போன்

திறந்தவகை ஹெட்போன் அல்லது பின்புறம் திறந்த ஹெட்போன் என்பது, காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்கப்படாமல், காற்றும் ஒலியும் புகுந்து செல்லும் வகையில் துளைகளோடு அல்லது வலைத்தகட்டோடு அமைக்கப்பட்ட ஹெட்போன் ஆகும். கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுவதும் அடைக்கப்பட்டது மூடியவகை எனவும், ஓரளவு மட்டும் திறந்திருப்பது பகுதி திறந்தவகை எனவும் வழங்கப்படுகின்றன. ஒலிப்பதிவுக்கூடங்களில் பதிவு முடிந்தபின் நடைபெறும் தொகுப்பு, ஒலிக்கலவை, மாஸ்டரிங் ஆகிய பணிகளுக்குத் திறந்தவகை பெரிதும் பயன்படுகின்றது. பாடகர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடும்போது அணிவதற்கு இது ஏற்றதன்று.

எந்த ஹெட்போன் சிறந்தது என்னும் கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. செய்யப்படும் பணி, கேட்கும் அறையின் அமைதி, இணைக்கப்படும் மின்கருவி ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே தேர்வு பொருளுடையதாகும். இம்மூன்றில் ஒன்று பொருந்தாவிடினும், விலையுயர்ந்த ஹெட்போன் தவறான முடிவுகளுக்கே இட்டுச் செல்லும்.

அமைப்பும் இயங்கும் முறையும்

ஹெட்போனின் உள்ளே டிரைவர் எனப்படும் ஒலி எழுப்பும் பகுதி உள்ளது. பெரும்பாலானவற்றில் இது ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் போன்றதே. நிலைக்காந்தம் ஒன்றின் புலத்தில் மெல்லிய கம்பிச்சுருள் அமைந்திருக்கும். அதனோடு ஒட்டப்பட்ட அதிர்தகடு, சுருளில் பாயும் மின்னோட்டத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசையும். அதிர்தகடு முன்னே செல்லும்போது காதின் பக்கம் காற்று அழுத்தப்படுகின்றது. அதே வேளையில் அதன் பின்பக்கம் காற்று தளர்கின்றது. ஆகவே காதை நோக்கி ஓர் ஒலியலையும், எதிர்த்திசையில் அதற்கு நேர்மாறான மற்றோர் ஒலியலையும் எப்போதும் தோன்றுகின்றன. இப்பின்னலையை என்ன செய்வது என்பதே ஹெட்போன் வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்று.

மூடியவகையில் பின்னலை கிண்ணத்தினுள் அடைபடுகின்றது. அது சுவர்களில் பட்டுத் திரும்பி, அதிர்தகட்டின் வழியாகக் காலந்தாழ்ந்து காதை அடையலாம். மேலும், அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல அதிர்தகட்டை எதிர்த்துத் தள்ளி, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை உயர்த்துகின்றது. இவற்றைக் கட்டுப்படுத்தப் பஞ்சு, கம்பளித்துணி முதலியவை கிண்ணத்தினுள் வைக்கப்படுகின்றன. நன்கு வடிவமைக்கப்பட்ட மூடியவகையில் இக்குறை சிறிதாகவே இருக்கும். எனினும் முற்றாக நீங்குவதில்லை.

திறந்தவகையில் பின்னலை வலைத்தகட்டின் வழியே வெளியேறி விடுகின்றது. இதனால் ஒலி தெளிவடைகின்றது. காதருகே அடைப்பு உணர்வு குறைகின்றது. ஒலி தலைக்கு வெளியே சற்று விரிந்து கேட்பது போன்ற உணர்வும் உண்டாகின்றது. இந்நன்மைகளுக்கு ஈடாக இரண்டு இழப்புகள் உள்ளன. முதலாவது, தாழ்ந்த அதிர்வெண்களில் முன்னலையும் பின்னலையும் ஓரளவு ஒன்றையொன்று நீக்கிக் கொள்வதால், மிகத் தாழ்ந்த ஒலி வலுக் குறைந்து கேட்கும். இரண்டாவது, உள்ளிருக்கும் ஒலி வெளியே கேட்கும். வெளியிலுள்ள ஒலி உள்ளே நுழையும்.

கம்பிச்சுருள் வகையைத் தவிர வேறு இரு டிரைவர் வகைகளும் உள்ளன. ஒன்றில், அதிர்தகட்டின் பரப்பிலேயே மின்தடம் பதிக்கப்பட்டு, அது காந்த வரிசைகளின் அருகே வைக்கப்படுகின்றது. இது பிளேனார் வகை எனப்படும். மற்றொன்று நிலைமின்னியல் வகை. இதில் மிக மெல்லிய படலம் உயர் மின்னழுத்தம் கொண்ட இரு துளைத்தகடுகளின் நடுவே அதிர்கின்றது. நிலைமின்னியல் வகைக்குத் தனிப்பட்ட மின்வழங்கி தேவை.

வரலாறு

அமெரிக்காவைச் சேர்ந்த நதானியேல் பால்டுவின் 1910-இல் தாம் உருவாக்கிய ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படைக்கு வழங்கினார். அவை வானொலிச் செய்திகளைக் கேட்கவே பயன்பட்டன. 1937-இல் செருமனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்னும் கம்பிச்சுருள் வகை ஹெட்போனை வெளியிட்டது. 1958-இல் அமெரிக்காவின் ஜான் காஸ், இரட்டைத்தட ஒலியைக் கேட்பதற்கான எஸ்பி/3 ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். இசை கேட்பதற்கு ஹெட்போன் என்னும் வழக்கம் பரவுவதற்கு இது காரணமாயிற்று. சப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் எஸ்ஆர்-1 என்னும் நிலைமின்னியல் ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

1968-இல் செருமனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414-ஐ வெளியிட்டது. இதுவே சந்தைக்கு வந்த முதல் திறந்தவகை ஹெட்போனாகக் கருதப்படுகின்றது. அக்காலத்து ஹெட்போன்கள் கனமாகவும் காதை இறுக்குவனவாகவும் இருந்தன. எச்டி 414-இல் மஞ்சள் நிறப் பஞ்சு மட்டுமே காதின் மேல் அமர்ந்தது. குறைந்த எடையும் தடையற்ற ஒலியும் அதற்குப் பெரும் வரவேற்பைப் பெற்றுத் தந்தன. பின்னர் 1997-இல் எச்டி 600, 2003-இல் எச்டி 650, 2009-இல் எச்டி 800 ஆகியவை அதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. ஆசுதிரியாவின் ஏகேஜி நிறுவனத்தின் பகுதி திறந்தவகையான கே 240 வரிசையும் ஒலிப்பதிவுக்கூடங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது.

பணிக்கேற்ற வகை

சென்னைத் திரையிசையின் தொடக்கக் காலங்களில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் பாடியும் வாசித்தும் பதிவு செய்வது வழக்கம். ஒருவரையொருவர் நேரடியாகக் கேட்க முடிந்தது. பலதடப் பதிவு பரவிய பின்னர் ஒவ்வொரு இசைக்கருவியும் வெவ்வேறு நேரத்தில் பதிவாகலாயிற்று. பாடகர் வந்து பாடும்போது உடன் வாசிப்போர் எவரும் இருப்பதில்லை. முன்பே பதிவான இசையும் தாளத்துடிப்பும் அவருக்கு ஹெட்போன் வழியாகவே கேட்கின்றன. ஏ. ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் போன்ற தனியார் கூடங்களும், கணினிவழிப் பதிவும் பரவியபோது இம்முறை பொதுவழக்காயிற்று.

இங்கேதான் இரு வகைகளின் வேறுபாடு முதன்மை பெறுகின்றது. பாடகர் திறந்தவகை ஹெட்போன் அணிந்தால், அதிலிருந்து கசியும் தாளத்துடிப்பு ஒலிவாங்கியில் புகுந்து பாடலோடு சேர்ந்து பதிவாகிவிடும். இசை ஒலிக்கும் இடங்களில் அது மறைந்திருக்கக்கூடும். ஆனால் தாளமில்லாத ஆலாபனையிலோ, பாடல் முடிந்து அமைதியாகும் இடத்திலோ வெளிப்பட்டுவிடும். பதிவான குரலிலிருந்து அதைப் பின்னர் பிரித்தெடுப்பது கடினம். எனவே பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் மூடியவகையே தரப்படுகின்றது. சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 புரோ ஆகியவை இவ்வாறு பயன்படும் மூடியவகைகளுள் சில.

பதிவு முடிந்தபின் நிலைமை மாறுகின்றது. ஒலிவாங்கி இல்லை, எனவே கசிவு ஒரு பொருட்டன்று. குரலுக்கும் வயலினுக்கும் உள்ள அளவுப் பொருத்தம், தம்புராவின் ரீங்காரம், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலி, பாடகர் மூச்சிழுக்கும் ஒலி, வெட்டி ஒட்டிய இடத்தின் தடம் ஆகியவற்றை மணிக்கணக்கில் கூர்ந்து கேட்க வேண்டியுள்ளது. திறந்தவகையின் பயன் இங்கேயே முழுமையாக வெளிப்படுகின்றது.

காஞ்சிபுரம்: ஓர் எடுத்துக்காட்டு

பட்டு நெசவும் கோயில் இசையும் ஒருங்கே வாழும் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொண்டால், பணியும் இடமும் தேர்வை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பது விளங்கும்.

வரதராசப் பெருமாள் கோயிலில் வைகாசித் திருவிழாவின்போது கருட சேவை நடைபெறுகின்றது. இத்தகைய புறப்பாட்டில் ஒலிக்கும் நாதசுவரத்தையும் தவிலையும் பதிவு செய்பவர் திறந்தவகை ஹெட்போன் அணிந்திருந்தால், அவர் காதில் விழுவது பெரும்பாலும் எதிரே ஒலிக்கும் இசையே அன்றி, ஒலிவாங்கி பதிவு செய்யும் இசையன்று. நாதசுவரம் திறந்த வெளியில் தொலைவு வரை கேட்பதற்காக அமைந்த கருவி. தவிலின் வலப்பக்கம் விரல்களில் கூடு அணிந்தும் இடப்பக்கம் கழியைக் கொண்டும் வாசிக்கப்படுவதால், ஒவ்வொரு அடியும் சட்டென எழும் உச்ச அளவைக் கொண்டது. அவ்வுச்சத்தில் பதிவு சிதைந்திருந்தாலும், நேரடியாக வரும் ஒலி அச்சிதைவை மறைத்துவிடும். வீட்டுக்குத் திரும்பிக் கேட்கும்போதுதான் பிழை தெரியும். அந்த ஆண்டின் திருவிழா அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே களப்பதிவுக்கு மூடியவகையே பொருத்தமானது.

அதே பதிவைப் பின்னர் தொகுப்பவருக்குத் திறந்தவகை உதவும். கருங்கல் மண்டபத்தில் பதிவான இசையில் எதிர்முழக்கம் நீண்டு தேய்கின்றது. நாதசுவரம் நின்றபின் கல்லில் எஞ்சும் ஒலி எங்கே முடிகின்றது, எங்கே வெட்டினால் இயல்பாக இருக்கும் என்பதைத் திறந்தவகை தெளிவாகக் காட்டும். தாளக்கருவிகள் பல சேர்ந்து ஒலிக்கும் கச்சேரிக்கும் இது பொருந்தும். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) பல தாளக்கருவிகளைப் பக்கவாத்தியமாகக் கொண்ட 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளுக்குப் பெயர்பெற்றவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங் ஆகியவை சேர்ந்து ஒலிக்கும் இன்றைய பதிவொன்றில் ஒவ்வொன்றையும் தனித்துக் கேட்டு இடம் ஒதுக்குவதற்கு, கருவிகளைக் குழப்பாமல் பிரித்துக் காட்டும் ஹெட்போன் தேவை.

ஆனால் தொகுப்பு நடைபெறும் அறை எங்கே உள்ளது என்பதும் முக்கியம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதியில் அறையின் அடுத்த சுவரிலேயே தறி ஓடக்கூடும். நாடா பாயும் ஒலியும், அச்சுப்பலகை ஊடையை அடிக்கும் ஒலியும் சீரான இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். திறந்தவகை இவற்றை ஏறத்தாழ அப்படியே உள்ளே விடும். தாளத்தோடு கூடிய இசையைக் கேட்பவருக்கு, வேறொரு தாளத்தில் அடிக்கும் தறியொலி கவனத்தைச் சிதறடிக்கும். மூடியவகைக்கு மாறினாலும் முழுத்தீர்வு கிட்டாது. அது உயர்ந்த அதிர்வெண்களை நன்கு தடுக்குமேயன்றி, தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வரும் தாழ்ந்த அதிர்வை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இத்தகைய வீட்டில் நுண்ணிய பணிகளைத் தறி ஓடாத நேரத்துக்கு ஒதுக்கிக் கொள்வது, எந்தப் புதிய ஹெட்போனையும் விடப் பயன் தரும். பகலிலேயே பணி முடிக்க வேண்டியவர் மூடியவகையைத் தேர்ந்தெடுப்பதே முறை.

அறை இரைச்சலின் விளைவு

தறி இல்லாத வீட்டிலும் மின்விசிறி உண்டு. இரைச்சலின் விளைவைத் தோராயமாகக் கணக்கிடலாம். இசையின் சராசரி அளவு 75 டெசிபெல் எனவும், தேய்ந்து மறையும் எதிர்முழக்கத்தின் இறுதிப்பகுதி அதைவிட 40 டெசிபெல் தாழ்ந்தது எனவும் கொண்டால், அவ்விறுதிப்பகுதி 35 டெசிபெல் அளவில் ஒலிக்கும். அறையின் இரைச்சல் 30 டெசிபெல் எனில் அது கேட்கும். விசிறியும் தெருவும் சேர்ந்து இரைச்சலை 50 டெசிபெல் ஆக்கினால், அப்பகுதி பெரும்பாலும் மறைந்துவிடும்.

இதனால் இரு தீமைகள் விளைகின்றன. கேட்பவர் அறியாமலேயே ஒலியளவைக் கூட்டுகின்றார். இது செவிக்குக் கேடு. மேலும், விசிறி முதலியவற்றின் தாழ்ந்த இரைச்சல் இசையின் தாழ்ந்த பகுதியை மறைப்பதால், அப்பகுதி போதவில்லை எனக் கருதி அதை மிகையாக உயர்த்துகின்றார். அமைதியான அறையில் அப்பாடலைக் கேட்போருக்கு மிருதங்கத்தின் தொப்பி ஒலி குரலை விழுங்குவதாகத் தோன்றும். விசிறியின் காற்று நேரடியாக வலைத்தகட்டின் மேல் வீசாதவாறு அமர்வதும் நல்லது.

தேர்வில் கவனிக்க வேண்டிய கூறுகள்

மின்மறுப்பும் உணர்திறனும்

மாறுதிசை மின்னோட்டத்திற்கு ஒரு கருவி காட்டும் தடை மின்மறுப்பு எனப்படும். இது ஓம் என்னும் அலகால் அளக்கப்படுகின்றது. குறிப்பிட்ட திறன் அல்லது மின்னழுத்தம் கொடுக்கப்படும்போது ஹெட்போன் எழுப்பும் ஒலியளவு உணர்திறன் எனப்படும். ஒரு ஹெட்போனை இயக்கத் தனிப் பெருக்கி தேவையா என்பதை இவ்விரண்டையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தருவது எனக் கொள்க. இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபெல் தேவை எனில், கூடுதலாக 13 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 20 மடங்கு திறன் வேண்டும். ஆகவே 20 மில்லிவாட் தேவைப்படும். மின்மறுப்பு 300 ஓம் ஆயின், இதற்கு ஏறத்தாழ 2.45 வோல்ட் வேண்டும். மின்மறுப்பு 32 ஓம் ஆயின் 0.8 வோல்ட் போதும். கைப்பேசி போன்ற கருவிகள் பலவும் 1 வோல்ட் அளவிலோ அதற்குக் குறைவாகவோ தருவன. எனவே முதலாவது ஹெட்போனில் உச்சங்கள் போதிய அளவில் ஒலிக்கமாட்டா. இரண்டாவது ஹெட்போன் எளிதாக இயங்கும். மின்மறுப்பு மிகுந்த ஹெட்போனே தரமானது என்னும் கருத்து சரியன்று. அது மின்கருவியோடு பொருந்த வேண்டிய ஓர் அளவு மட்டுமே.

விற்பனைக் குறிப்புகளில் உணர்திறன் சிலவேளை 1 மில்லிவாட்டுக்கும், சிலவேளை 1 வோல்ட்டுக்கும் தரப்படுகின்றது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு

கம்பிச்சுருள் ஹெட்போனின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒத்ததிர்வு நிகழும் இடத்தில் உயர்கின்றது. 300 ஓம் ஹெட்போன் ஒன்று அவ்விடத்தில் 500 ஓம் காட்டுவதாகக் கொண்டால், 100 ஓம் வெளியீட்டு மின்மறுப்புள்ள பெருக்கியோடு இணைக்கும்போது அவ்விடத்து ஒலி ஏறத்தாழ 0.9 டெசிபெல் உயரும். 10 ஓம் பெருக்கியோடு இணைத்தால் உயர்வு 0.1 டெசிபெல் அளவே. பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மிகாமல் இருத்தல் நன்று என்னும் நடைமுறை விதி இதன் அடிப்படையில் தோன்றியது. ஒரே ஹெட்போன் இரு இடங்களில் வெவ்வேறாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிர்வெண் சமநிலை

எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் எழுப்பும் ஹெட்போன் இயல்பாகக் கேட்பதில்லை. எதிரேயுள்ள ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலியைத் தலை, காதுமடல், செவிக்குழாய் ஆகியவை மாற்றுகின்றன. குறிப்பாக 3,000 ஹெர்ட்ஸ் அருகே செவிக்குழாயின் ஒத்ததிர்வு ஒலியை உயர்த்துகின்றது. ஹெட்போன் காதின் மேலேயே அமர்வதால், இம்மாற்றத்தை அது ஓரளவு தானே செய்ய வேண்டும். எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வரும் சூழலை அடிப்படையாகக் கொண்ட அளவுகோல், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1990-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஒலிப்பதிவுக்கூட ஹெட்போன்களுக்கு வகுக்கப்பட்டது. பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் சீன் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012 முதல் நடத்திய கேட்டல் சோதனைகளிலிருந்து வேறோர் அளவுகோல் உருவாயிற்று. நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியை ஒத்த சமநிலையைப் பெரும்பாலோர் விரும்பினர் என்பது அவற்றின் சாரம்.

எனினும் ஒவ்வொருவரின் காதமைப்பும் வேறுபடுவதால், அளவீட்டு வரைபடம் ஒரு வழிகாட்டியே. சில ஹெட்போன்கள் உயர்ந்த அதிர்வெண்களை மிகைப்படுத்தி முதற்கேட்பில் மிகத் தெளிவானவையாகத் தோன்றும். அவற்றை நம்பிப் பணிசெய்வோர் தம்புராவின் ரீங்காரத்தையும் 'ச'கர ஒலிகளையும் தேவைக்கு மேல் குறைத்துவிடுவர்.

அணிதலும் தட்பவெப்பமும்

தமிழ்நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல மணிநேரம் அணிய வேண்டியிருப்பதால் இது சிறிய செய்தியன்று. திறந்தவகையில் காற்றோட்டம் இருப்பதால் காது வியர்ப்பது குறைவு. துணியாலான காதுமெத்தை வியர்வையை உறிஞ்சும். செயற்கைத்தோல் மெத்தை நாளடைவில் உரியும். மெத்தை அழுந்தித் தேய்ந்தால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தொலைவு மாறி, ஒலியின் சமநிலையும் மாறும். ஆகவே மெத்தையும் கம்பியும் தனியே கிடைக்கின்றனவா, பயனரே மாற்றக் கூடியனவா என்பதை வாங்கும்முன் அறிய வேண்டும். வலைத்தகட்டின் வழியே தூசியும் மயிரும் நூலிழையும் புகுந்து அதிர்தகட்டில் படிந்தால் கரகரப்பு உண்டாகும். பயன்படுத்தாத வேளையில் துணிப்பையிலோ பெட்டியிலோ வைத்தல் நன்று.

அறியப்பட்ட சில மாதிரிகள்

• சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650: 300 ஓம். குரல் ஒலிக்கும் நடு அதிர்வெண்களின் இயல்பான தன்மைக்காக அறியப்பட்டவை. கம்பியும் காதுமெத்தையும் மாற்றக் கூடியவை. மிகத் தாழ்ந்த ஒலியில் வலுக் குறைவு.

• பேயர்டைனமிக் டிடி 990 புரோ: 250 ஓம். துணி மெத்தை கொண்டது. உயர்ந்த அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும். கம்பி கழற்ற இயலாதது.

• ஏகேஜி கே 702: 62 ஓம். மின்மறுப்பு குறைவாயினும் உணர்திறன் மிகுந்ததன்று. நல்ல பெருக்கி தேவை. கருவிகளின் இடப்பரவலை விரிவாகக் காட்டுவது.

• ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-ஆர்70எக்ஸ்: 2015-இல் வெளிவந்தது. 470 ஓம். ஏறத்தாழ 210 கிராம் எடையே உள்ளதால் நெடுநேரம் அணிய எளிது.

• சோனி எம்டிஆர்-எம்வி1: 2023-இல் வெளிவந்தது. 24 ஓம். தனிப் பெருக்கி இன்றியும் எளிதில் இயங்குவது.

கேட்டுப் பார்க்கும் முறை

இரு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்துவது முதல் தேவை. சற்றே உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. 1 டெசிபெல் வேறுபாடும் தீர்ப்பை மாற்றக் கூடும். அடுத்து, கேட்பவர் பலமுறை கேட்டு நன்கறிந்த பதிவுகளையே பயன்படுத்த வேண்டும். கீழ்க்காணும் வரிசை பயனுள்ளது.

1. தனிக்குரல் பதிவு ஒன்றை இரு காதிலும் சமமாக ஒலிக்கச் செய்தல். குரல் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் இரு டிரைவர்களும் ஒத்தவை அல்ல.

2. தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதியைக் கேட்டல். ரீங்காரம் தொடர்ச்சியாக விரிய வேண்டும். ஏதேனும் ஒரு சுரம் மட்டும் துருத்திக் கொண்டிருந்தால் அவ்விடத்தில் ஹெட்போனின் ஒத்ததிர்வு இருக்கலாம்.

3. மிருதங்கம் அல்லது தவில் தனியாவர்த்தனம். வலப்பக்க அடியின் தொடக்கமும் இடப்பக்க ஒலியின் நீட்சியும் தனித்தனியே கேட்க வேண்டும்.

4. நாதசுவரப் பதிவு. பணிசெய்யும் அளவில் அரைமணி நேரம் கேட்டபின் காது களைத்தால், உயர்ந்த அதிர்வெண்கள் மிகுந்துள்ளன எனக் கொள்ளலாம்.

5. இரண்டு மணிநேரம் அணிந்திருத்தல். மண்டைவளையத்தின் அழுத்தம், கண்ணாடி அணிவோருக்கு உண்டாகும் இடைவெளி, வெப்பம் ஆகியவை அப்போதே தெரியவரும்.

ஒலிபெருக்கியோடு உள்ள உறவு

ஹெட்போன் ஒலிபெருக்கிக்கு முழு மாற்றாகாது. அறையில் இடப்பக்க ஒலிபெருக்கியின் ஒலி வலக்காதையும் மிகச் சிறிது காலந்தாழ்ந்து அடைகின்றது. இத்தாழ்வு அதிக அளவாக 0.7 மில்லிசெகண்டு அளவினது. ஹெட்போனில் இடப்பக்க ஒலி இடக்காதுக்கு மட்டுமே செல்கின்றது. இதனால் இருபக்கங்களில் வைக்கப்பட்ட கருவிகள் மிகையாகப் பிரிந்தும், நடுவிலுள்ள குரல் தலைக்குள் ஒலிப்பது போன்றும் கேட்கும். எதிர்முழக்கத்தின் நுண்மைகள் ஹெட்போனில் எளிதில் கேட்பதால், அதைக் குறைவாகச் சேர்த்துவிடுதல் பொதுவான பிழை. திறந்தவகை இவ்வுணர்வைச் சற்றே தணிக்குமேயன்றி நீக்குவதில்லை. ஒரு காதின் ஒலியில் சிறு பங்கை மற்றதற்கும் அனுப்பி ஒலிபெருக்கியைப் போலச் செய்யும் மென்பொருள்கள் உள்ளன.

மறுபுறம், சுவர்கள் வெறுமையாக உள்ள சிறிய அறையில் ஒலிபெருக்கியும் நம்பத்தக்கதன்று. அறையே தாழ்ந்த ஒலிகளைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். அத்தகைய வீட்டுக் கூடங்களில் திறந்தவகையில் முடிவெடுத்து, பின்னர் சிறிய ஒலிபெருக்கி, கைப்பேசி, மகிழுந்து ஆகியவற்றில் கேட்டுச் சரிபார்ப்பது நடைமுறைக்கு உகந்தது.

செவி நலம்

ஒலித்துறையில் பணிபுரிவோருக்கு மாற்ற முடியாத ஒரே கருவி அவர்தம் செவியே. அமெரிக்கத் தொழில்சார் நல ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி நாளொன்றுக்கு 85 டெசிபெல் ஒலியை 8 மணிநேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் நேரம் பாதியாகின்றது: 88 டெசிபெல்லில் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி. உலக நலவாழ்வு அமைப்பு, தனிப்பட்ட கேட்புக் கருவிகளுக்கு வாரத்தில் 40 மணிநேரம் 80 டெசிபெல் என்னும் மேலும் தாழ்ந்த அளவைப் பரிந்துரைக்கின்றது. உட்செவியில் அழிந்த மயிரணுக்கள் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை.

திறந்தவகை செவிக்குத் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. செவிப்பறையை அடையும் ஒலியளவே தீங்கைத் தீர்மானிக்கின்றது. கிண்ணம் திறந்ததா மூடியதா என்பது அன்று. இரைச்சல் மிகுந்த அறையில் திறந்தவகை அணிந்து, அவ்விரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுபவர், அதே அறையில் மூடியவகை அணிந்தவரை விட மிகுந்த இடருக்கு ஆளாகின்றார். ஆகவே அமைதியான நேரத்தைத் தேர்தல், ஒலியளவை ஒருமுறை குறைவாக அமைத்துப் பின் மாற்றாதிருத்தல், மணிக்கொரு முறை ஹெட்போனைக் கழற்றிச் செவிக்கு ஓய்வளித்தல் ஆகியவை, எந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பொருந்தும்.